ஐம்பதாயிரம் மாணவர்களுக்கு நடுவே: மகள் மார்ச்சிங் பேண்டில் சேரலாமா?

டெக்சாஸில் இருக்கும் ஓர் அம்மாவின் கேள்வி இது. மகள் உயர்நிலைப் பள்ளி முழுக்க மார்ச்சிங் பேண்டில், அதாவது கால்பந்துக் களத்தில் அணியாக நடந்துகொண்டே வாசிக்கும் இசைக்குழுவில், கிளாரினெட் வாசித்தவள். வருகிற ஆகஸ்டில் மத்திய மேற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்கிறாள். ஐம்பதாயிரம் மாணவர்கள் படிக்கிற இடம். தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கூச்ச சுபாவம் வேறு. "அங்கேயும் பேண்டில் சேர்ந்தால் எனக்கென்று நாலு பேர் கிடைப்பார்கள் என்கிறாள். அவள் அப்பாவோ, இன்ஜினியரிங் படிக்கப் போகிறவளுக்கு ஊதலும் கொட்டும் எதற்கு என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?"

மகள் பக்கம் பேசுங்கள். நான் அப்படியொரு பேண்டில் மெல்லோஃபோன் என்ற பித்தளைக் குழல் வாசித்தவள், கடைசி ஆண்டு என் வாத்தியக் குழுவின் தலைவி, அதாவது செக்‌ஷன் லீடராகவும் இருந்தேன், படித்தது எலெக்ட்ரிக்கல். அதனால் எனக்குப் பாசம் கொஞ்சம் அதிகம், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். பேண்டில் சேர்ந்தால் நண்பர்கள் கிடைப்பார்கள் என்று அவள் சொல்வது சரிதான். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயத்தில் பாதி குறையும். மீதிப் பாதி நியாயமான பயம், அதற்கும் வருகிறேன்.

முதலில் களத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்துக் களம் நூறு கஜ நீளம். ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்த ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பேண்டுகளின் கணக்கு. ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். ஆள் ஐந்தடியானாலும் ஆறரை அடியானாலும் அதே 22.5. ஆட்டத்தின் இடைவேளையில், அதாவது ஹாஃப்டைமில், பேண்டு களத்தில் போடுகிற ஒவ்வொரு உருவத்துக்கும், அதாவது ஒவ்வொரு 'செட்'டுக்கும், ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் எழுதிக் கொடுப்பார்கள். 35ஆம் கோட்டிலிருந்து இரண்டு காலடி உள்ளே, முன் ஹாஷுக்கு (களத்தின் நீளவாக்கில் உள்ள குறி வரிசை) நான்கு காலடி பின்னே என்கிற மாதிரி. பேண்டில் இதற்குப் பெயர் 'டாட்'. முன்பெல்லாம் சின்ன நோட்டில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வோம். இப்போது ஃபோனில் செயலி வந்துவிட்டது.

நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிற களத்தில் உங்கள் மகள் ஒருத்தி வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். மேலே கோபுரத்தில் நின்று பார்க்கிற இயக்குநருக்கு ஒரே பார்வையில் தெரியும். வளைகோட்டில் ஓட்டை விழுந்திருக்கும். அவளுக்கு இரு பக்கமும் நிற்பவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும், ஏனென்றால் அவளை வைத்துத்தான் அவர்கள் தங்கள் இடைவெளியைச் சரிபார்க்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவிக்கு நேரக்கூடிய மோசமான விஷயம், அவள் வகுப்புக்கு வராவிட்டாலும் யாரும் கவனிக்காமல் போவது. முந்நூறு பேர் உட்காரும் வேதியியல் வகுப்பில் அது தினமும் நடக்கும். பேண்டில் அப்படி நேர வழியே கிடையாது. பத்து நிமிடம் தாமதமானால் "எங்க இருக்க?" என்று ஃபோன் வரும்.

கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு இது தோதாக இருப்பதன் காரணம் இதுதான். மற்ற சங்கங்களில் முதலில் பழக வேண்டும், பிடித்துப்போக வேண்டும், பிறகு ஒரு வேலை கொடுப்பார்கள். இங்கே வேலைதான் முதலில் வருகிறது. யாரும் "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டு நிற்க மாட்டார்கள். "அடுத்த செட்டுக்கு நீ எத்தனை கவுண்ட் (தாள எண்ணிக்கை)?", "திரும்பறது இடது காலா வலது காலா?", "அந்த எஃப் ஷார்ப் கொஞ்சம் தாழ்ந்து போகுது" என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்குப் பதில் சொல்லக் கூச்சம் தேவையில்லை, கணக்குத் தெரிந்தால் போதும். இப்படி ஆறு நாள் பேசியவர்கள் ஏழாம் நாள் ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

இதற்கு அடித்தளம் போடுவது பேண்டு கேம்ப். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வகுப்பு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பேண்டு மாணவர்களை விடுதிக்குள் விட்டுவிடுவார்கள். வளாகம் காலி. காலையிலிருந்து இரவு வரை ட்ரில், செக்‌ஷன் பயிற்சி, மறுபடி ட்ரில். ஆகஸ்ட் வெயிலில் தார் போட்ட பார்க்கிங் இடத்திலும் நிற்க வேண்டிவரும். பெரிய தண்ணீர்க் குடுவை, தொப்பி, சன்ஸ்கிரீன், நல்ல ஷூ இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். பிள்ளை கறுத்துப் போகும் என்று பாட்டி யாராவது சொல்வார், சொல்லட்டும். தோல் வெந்துபோகாமல் இருப்பதுதான் நம் கவலை. வகுப்புகள் தொடங்கும் அன்று மற்ற முதலாண்டுக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, இவளுக்கு ஏற்கெனவே முப்பது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்கும். எந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் சைவம் தேறும் என்பதையும் இரண்டாமாண்டு மாணவி யாராவது சொல்லிக்கொடுத்திருப்பாள்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முந்நூறு பேர் கொண்ட பேண்டு யாருக்கும் வீடு ஆகாது. வீடு என்பது செக்‌ஷன்தான். கிளாரினெட்காரர்கள் ஒரு குடி, டிராம்போன்காரர்கள் ஒரு குடி. டிரம்லைன் தனி நாடு, அவர்களுக்குத் தனி நேரம், தனிப் பெருமை. கொடியும் துப்பாக்கி வடிவ மரக்கட்டையும் சுழற்றுகிற கலர் கார்டு இன்னொரு உலகம். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்கிற பெரிய குழலான சூசஃபோனை வாசிப்பவர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரே மாதிரி. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உங்கள் மகள் முதல் மாதத்தில் தன் செக்‌ஷனைத் தாண்டி யாரையும் அறியாமல் இருந்தால் கவலைப்படாதீர்கள், இயல்பு அதுதான்.

ஒன்றாகக் கால் போட்டு நடப்பதில் ஏதோ இருக்கிறது என்பதைப் பேண்டுக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1941இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு டெக்சாஸில் மணிக்கணக்காக அணிநடை பழகியவர். பயனற்ற பயிற்சி என்று அறிவு சொன்னாலும், நடந்துகொண்டிருக்கும்போது தான் தன்னைவிடப் பெரிதாகிவிட்ட ஒரு நிறைவு வந்ததை அவர் மறக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அதை வைத்தே, உடல்கள் ஒரே தாளத்தில் அசைவது மனிதக் கூட்டங்களை ஒட்டவைக்கும் பசை என்று வாதாடினார். 2009இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட சோதனை ஒன்றும் உண்டு. சிறு குழுக்களாக மாணவர்களை வளாகத்தில் நடக்கவிட்டார்கள். சில குழுக்கள் கால் ஒத்து நடந்தன, சில இஷ்டத்துக்கு நடந்தன. பிறகு எல்லோரையும் ஒரு விளையாட்டில் உட்காரவைத்தபோது, கால் ஒத்து நடந்தவர்கள் ஒருவரையொருவர் அதிகம் நம்பி ஒத்துழைத்தார்கள்.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வருகிற இடம், இந்தச் சோதனை நடந்த ஸ்டான்ஃபோர்டின் பேண்டு கால் ஒத்து நடக்காததற்கே பேர் போனது. அவர்கள் ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிதறி ஓடுகிறவர்கள். யூனிஃபார்ம் என்று ஒன்று பேருக்கு உண்டு, அதன்மேல் கண்டதையும் மாட்டிக்கொள்வார்கள். வாசிக்கத் தெரியாதவரையும் சேர்த்துக்கொள்வார்கள். 1982 நவம்பர் 20 அன்று பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில், ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துக் களத்துக்குள் புகுந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்திருக்கவில்லை. பெர்க்லி வீரர் பந்தோடு பேண்டுக்கு நடுவே ஓடி, கோட்டைத் தாண்டி, கடைசியில் ஒரு டிராம்போன்காரர் மேல் மோதினார். பெர்க்லி ஜெயித்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அதிகம் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட காட்சிகளில் அது ஒன்று. அந்தப் பேண்டிலும் பிள்ளைகள் உயிருக்குயிராக ஒட்டிக்கொள்கிறார்கள். ஆக, கால் ஒத்து நடப்பது ஒரு வழி. அசட்டுத்தனத்தைக் கூட்டாகச் செய்வது இன்னொரு வழி.

அதனால் எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியம். ஒகையோ ஸ்டேட் என்றால் உங்கள் மகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. அங்கே 1934 முதல் மார்ச்சிங் பேண்டில் பித்தளைக் குழல்களும் தாளக் கருவிகளும் மட்டும்தான். கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸஃபோன் கிடையாது. பழைய உறுப்பினர்களும் ஆண்டுதோறும் மறுபடி தேர்வுக்கு நிற்க வேண்டும். ஏறத்தாழ 225 பேர் இருந்தாலும் ஒரு ஆட்டத்தில் களமிறங்குவோர் 200க்கும் குறைவு. மீதிப் பேர் மாற்று ஆட்கள். அந்த மாற்று ஆள் களத்தில் நிற்பவரைப் போட்டிக்கு அழைத்து, வாசிப்பிலும் நடையிலும் வென்று, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். நான் மேலே புகழ்ந்த 'டாட்' அங்கே நிரந்தரச் சொத்து இல்லை. கேட்கவே கொடுமையாக இருக்கும். ஆனால் அந்தப் பேண்டிலிருந்து வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், இடத்தைப் பறித்தவனும் பறிகொடுத்தவனும் ஒரே அறையில் குடியிருந்திருப்பார்கள்.

அங்கே 1936இல் தொடங்கிய ஒரு வழக்கம் இருக்கிறது. பேண்டு முழுவதும் ஒருவர் பின் ஒருவராக ஓடி, களத்தில் 'ஒகையோ' என்ற ஆங்கிலச் சொல்லைக் கூட்டெழுத்தில் எழுதும். கடைசியில் அந்தச் சொல்லில் வருகிற 'ஐ' எழுத்தின் புள்ளியாகப் போய் நிற்பது நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டு சூசஃபோன்காரர் ஒருவர். லட்சம் பேர் எழுந்து நிற்பார்கள். விண்வெளி வீரர் ஜான் க்ளென்னுக்கும் கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸுக்கும் கௌரவமாக அந்தப் புள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு புள்ளியாக இருப்பதற்காக நான்கு வருடம் காத்திருக்கிற பிள்ளைகள் என்று கேலி செய்யலாம். நானும் செய்திருக்கிறேன், நாங்கள் போட்டிப் பல்கலைக்கழகம். உள்ளுக்குள் பொறாமைதான்.

தேர்வே இல்லாமல் எடுத்துக்கொள்ளும் பேண்டுகளும் நிறைய. வாசிக்கத் தெரிந்தால் போதும், இடம் உண்டு என்பார்கள். உங்கள் மகள் சேரப்போகிற இடத்தின் பேண்டுப் பக்கத்தில் ஆடிஷன் விவரம் வசந்த காலத்திலேயே வந்திருக்கும். இன்னும் பார்க்கவில்லை என்றால் இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

டெக்சாஸ் பள்ளிப் பேண்டிலிருந்து வருகிறவள் என்பதால் ஒரு அதிர்ச்சிக்கு அவளைத் தயார்ப்படுத்துங்கள். அங்கே பள்ளிப் பேண்டு என்றால் போட்டி. ஒரே ஒரு நிகழ்ச்சியை கோடையிலிருந்து நவம்பர் வரை செதுக்கிச் செதுக்கி நடுவர்கள் முன் வைப்பார்கள். கல்லூரியில் நடுவர் கிடையாது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி, இரண்டு வாரத்தில் அது குப்பைக்குப் போய்ப் புதியது வரும். சுத்தம் குறையும், சத்தம் கூடும். பள்ளியில் தரையில் வழுக்குவது போல நடக்கக் கற்றிருப்பாள். மத்திய மேற்கில் பல இடங்களில் தொடை தரைக்கு இணையாக வரும்படி முழங்காலைத் தூக்கி வைக்கச் சொல்வார்கள். முதல் வாரம் படி இறங்க முடியாது. "எங்க ஸ்கூல் இதைவிட நல்லா பண்ணும்" என்று டெக்சாஸ் பிள்ளைகள் கேம்பில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களுக்குத்தான் இடம் பிடிபட நாளாகும்.

இப்போது அப்பாவுக்கு. இந்தப் பேண்டுகளில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் இசை படிப்பவர்கள் இல்லை. பொறியியல், உயிரியல், கணக்கியல் படிப்பவர்கள்தான். இண்டியானாவில் உள்ள பர்டியூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1886இல் தொடங்கிய பேண்டு. 1907இல் களத்தில் 'பி' என்ற எழுத்தாக நின்று, பேண்டு ஓர் எழுத்தை வரையும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. பல பத்தாண்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டப் படிப்பே கிடையாது. பேண்டை நடத்தியதெல்லாம் பொறியியல், வேளாண்மை மாணவர்கள். நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே விமானப் பொறியியல் படித்தபோது பேண்டில் பாரிடோன் என்ற பித்தளைக் குழல் வாசித்தார். பேண்டில் சேர்ந்தால் நிலவுக்குப் போகலாம் என்று சொல்ல வரவில்லை. பேண்டில் சேர்ந்ததால் பொறியியல் கெட்டுவிடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவே.

நேரக் கணக்கு இப்படி வரும். பயிற்சி வாரத்துக்கு ஆறிலிருந்து பத்து மணி நேரம், இடத்துக்கு இடம் மாறும். சொந்த ஊரில் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமை முழுவதும் போய்விடும்: விடியலில் பயிற்சி, ஊர்வலம், ஆட்டம், வெற்றி தோல்வி எதுவானாலும் முடிந்த பிறகும் வாசிப்பு. ஒரு பருவத்தில் ஆறிலிருந்து எட்டு வரை இப்படிப்பட்ட சனிக்கிழமைகள். பெரும்பாலான இடங்களில் இது ஒரு பாடமாகவே பதிவாகும், ஒன்றிரண்டு கிரெடிட் கிடைக்கும். உண்மையான மோதல் படிப்போடு இல்லை, கால அட்டவணையோடு. பேண்டுப் பயிற்சி பெரும்பாலும் மாலையில் இருக்கும். பொறியியல் லேப்களும் பிற்பகலில்தான் வரும். முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்யும்போதே ஆலோசகரிடம் "நான் பேண்டில் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் காலை லேப் பார்த்துத் தருவார்கள். முதல் செமஸ்டரில் வீரம் காட்டிப் பதினெட்டு கிரெடிட் எடுக்க வேண்டாம். நவம்பர் கடைசியில் வழக்கமான ஆட்டங்கள் முடிந்துவிடும். அணி பௌல் ஆட்டத்துக்கு, அதாவது பருவம் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டத்துக்கு, தகுதி பெற்றால் டிசம்பர் விடுமுறையில் ஒரு பயணம்.

என் அனுபவத்தில் நேரம் குறைந்ததால் ஒழுங்கு வந்தது. ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்து நேரே நூலகத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று எங்கள் செக்‌ஷனில் இருந்தது. சர்க்யூட் பாடத்தை இரண்டு வருடம் மூத்த டிராம்போன்காரர் ஒருவர் எனக்கு நடத்தினார். அவர் நடத்தியிராவிட்டால் நான் தேறியிருப்பேனா தெரியாது. பழைய வீட்டுப்பாடம், எந்தப் பேராசிரியர் எப்படி, கோடைக்கால வேலைக்கு யாரைக் கேட்பது எல்லாம் பேண்டு வழியாகத்தான் வந்தது.

நியாயமான பயம் என்று மேலே ஒன்றைச் சொன்னேன். மனிதரை இவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிற எதுவும் தவறான பக்கமும் இழுக்கும். ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 'மார்ச்சிங் 100' அமெரிக்கப் பேண்டு வரலாற்றில் மகத்தான பெயர். 1946இல் வில்லியம் ஃபாஸ்டர் கட்டியெழுப்பியது. கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் பேண்டு மரபையே அது மாற்றியது: துள்ளல் நடை, நடனம், அந்தந்தக் காலத்தின் பாட்டு. அந்தப் பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களில் மக்கள் ஹாஃப்டைமுக்கு இருக்கையை விட்டு நகர மாட்டார்கள், தின்பண்டம் வாங்க ஆட்டம் நடக்கும்போது எழுந்து போவார்கள். 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவுக்குப் பாரிஸ் வரை போன பேண்டு அது. அதே பேண்டில் 2011 நவம்பரில், ஒர்லாண்டோவில் ஓர் ஆட்டம் முடிந்த இரவு, பேருந்துக்குள், பேண்டை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் ஒருவரைச் சக மாணவர்களே அடித்ததில் அவர் இறந்துபோனார். வயது 26. பேருந்தின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை அடியை வாங்கிக்கொண்டே கடந்து போவது அங்கே மரியாதை பெறுவதற்கான ஒரு சடங்காக இருந்தது. அடித்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். பேண்டு 2013 வரை களமிறங்கவில்லை. 2014 ஜூலையில் ஒகையோ ஸ்டேட் தன் பேண்டு இயக்குநரைப் பதவிநீக்கியது. புதியவர்களுக்கு ஆபாசப் பட்டப்பெயர் சூட்டுவது, நள்ளிரவில் உள்ளாடையோடு மைதானத்தில் அணிநடை போவது என்று ஒரு பாலியல் கலாச்சாரம் பல காலமாகப் புரையோடியிருந்ததை விசாரணை வெளிக்கொண்டுவந்திருந்தது.

இதைச் சொல்வது மகளைத் தடுக்க அல்ல. அவளிடம் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்பதற்காக. பகலில், எல்லோரும் பார்க்க, மூத்தவர் இளையவர் எல்லோரும் செய்கிற அசட்டுத்தனம் பேண்டுக்கு அழகு. இரவில், கதவை மூடி, புதியவர்கள் மட்டும் செய்ய வேண்டும், வெளியே சொல்லக் கூடாது என்றால் அது வேறு. "எல்லோரும் இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம், இடம் போகாது. போனாலும் அது வைத்திருக்கத் தகுந்த இடம் இல்லை. இரண்டு சம்பவத்துக்கும் பிறகு பல்கலைக்கழகங்கள் விதிகளை இறுக்கியிருக்கின்றன, புகார் சொல்ல வழிகள் வைத்திருக்கின்றன. ஆனாலும் பத்தொன்பது வயதில் "நீ எங்கள் ஆள்" என்ற வார்த்தைக்காக எதையும் செய்யத் தோன்றும். அம்மா ஏற்கெனவே பேசியிருந்தால் உதவும்.

பெண் என்பதால் இன்னொன்று. இந்தப் பேண்டுகள் பெண்களுக்குத் திறந்துவிட்டு ரொம்பக் காலம் ஆகவில்லை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1972இல் வந்தது. மிச்சிகன் பேண்டு அந்த ஆண்டும், ஒகையோ ஸ்டேட் அடுத்த ஆண்டும்தான் பெண்களைச் சேர்த்தன. பேண்டு மாணவர்களின் சேவைச் சங்கம் 1919இல் ஒக்லஹோமாவில் ஆண்களுக்காகத் தொடங்கியது. பெண்கள் 1946இல் டெக்சாஸ் டெக்கில் தங்களுக்கென்று தனியாக ஒன்று தொடங்கிக்கொண்டார்கள். இன்று டிரம் மேஜராகப் பெண் நிற்பது செய்தியே இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று சில சில்லறை விஷயங்கள். நவராத்திரியும் தீபாவளியும் கால்பந்துப் பருவத்துக்கு நடுவேதான் விழும், அந்த வாரம் வீட்டுக்கு வர முடியாமல் போகலாம். தேங்க்ஸ்கிவிங் கூட உறுதியில்லை. பெரிய பகை ஆட்டங்கள் பல அந்தச் சனிக்கிழமை நடக்கும். தலைமுடி முழுவதும் சீருடையின் உயரமான ஷாக்கோ தொப்பிக்குள் போக வேண்டும், காலருக்குக் கீழே வரக் கூடாது என்பது பல இடங்களில் விதி. நீளமான பின்னல் என்றால் கொண்டை போடப் பழகட்டும். வளையல், தொங்கட்டான் கழற்றச் சொல்வார்கள். பயணத்தில் தரும் பெட்டிச் சாப்பாட்டுக்குச் சைவம் என்று முன்கூட்டியே படிவத்தில் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் சீஸ் பீட்சாவே கதி. எங்கள் செக்‌ஷனில் நான் ஒருத்திதான் தமிழ். தீபாவளிக்கு அம்மா அனுப்பிய முறுக்கு டப்பா பேருந்தில் எனக்கு வருவதற்குள் காலி. அடுத்த வருடம் இரண்டு டப்பா வந்தது.

சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒத்துவருகிறதா என்றால், இல்லை. ஒரு பருவம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சிலருக்கு அந்தச் சத்தமே ஆகாது, சிலருக்குச் செக்‌ஷன் அமையாது. சிலர் பேண்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் ஆகிவிடுவார்கள், அதுவும் நல்லதில்லை. விடுதியிலோ படிப்பிலோ பேண்டுக்கு வெளியே இரண்டு பேராவது வேண்டும். நவம்பர் வரை இருந்து பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் வசந்தத்தில் உட்கார்ந்து வாசிக்கிற கான்செர்ட் பேண்டும், கூடைப்பந்து ஆட்டங்களில் வாசிக்கிற சின்ன பெப் பேண்டும் இருக்கின்றன. கூட்டம் பிடிக்காத பிள்ளைகள் அங்கே நன்றாகப் பொருந்திக்கொள்கிறார்கள்.

பொருந்திவிட்டால் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான உதாரணம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் பேண்டு. ஜார்ஜ் பார்க்ஸ் 1977இலிருந்து அதன் இயக்குநர். களத்தில் அவர் கேள்வி கேட்பார், பேண்டு மொத்தமும் கத்திப் பதில் சொல்லும். பாதங்கள்? சேர்ந்து! வயிறு? உள்ளே! நெஞ்சு? வெளியே! தோள்? பின்னே! மோவாய்? மேலே! கடைசியாக, கண்கள்? பெருமிதத்தோடு! 2010 செப்டம்பரில், மிச்சிகன் மைதானத்தில் வாசிக்கப் பேண்டு பேருந்துகளில் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒகையோவில் ஒரு பள்ளியில் வாசித்து முடித்த இரவு பார்க்ஸ் மாரடைப்பில் இறந்துபோனார். பிள்ளைகள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, அந்நிய ஊரில். அவர்கள் திரும்பிப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து, லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரும் அந்த மைதானத்தில் இறங்கி, திட்டமிட்டபடி முழு நிகழ்ச்சியையும் வாசித்தார்கள். அவர் அவர்களுக்கு மூன்று தசாப்தங்களாகச் சொல்லிக்கொடுத்தது நிற்பது எப்படி என்பதைத்தான். அன்று வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த கவுண்டில் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியாக, வாத்தியம். சூசஃபோன், மெல்லோஃபோன், டிரம் போன்ற பெரிய உருப்படிகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரும். கிளாரினெட் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டியிருக்கும். அவள் பள்ளியில் தனி வாசிப்புக்கு வைத்திருந்த நல்ல மரக் கிளாரினெட்டைத் தயவுசெய்து களத்துக்கு அனுப்பாதீர்கள். மழையிலும் நவம்பர் குளிரிலும் மரம் விரிசல் விட்டுவிடும். பழைய பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்று இரண்டாம் கை விலையில் கிடைக்கும். ஊதுமுனையில் பொருத்துகிற ரீடு இரண்டு பெட்டி சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.